பாக்டீரியாவின் வடிவம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

காய்ச்சல் தணியாத நோயாளி ஒருவரின் இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், ஆய்வகத்திலிருந்து முதலில் வருவது கிருமியின் பெயர் அன்று. "கிராம் பாசிட்டிவ் காக்கை (கோள வடிவப் பாக்டீரியாக்கள்), கொத்துகளாக உள்ளன" என்பது போன்ற ஒரு வரிதான் முதலில் வரும். முழுப் பெயரும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற விவரமும் கிடைக்க மேலும் ஒன்றிரண்டு நாட்கள் ஆகலாம். ஆயினும் அந்த ஒரு வரியை வைத்தே மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுவார். சாயத்தை அந்த உயிரி எப்படி ஏற்றது, தனிச் செல்லின் வடிவம் என்ன, செல்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்ற மூன்று செய்திகள் அதில் அடங்கியுள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். வடிவத்தை எதுவரை நம்பலாம் என்பதையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது. பள்ளிப் பாடங்களில் அந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

பாக்டீரியா என்பது ஒரே செல்லால் ஆன உயிரி. நம் செல்களில் இருப்பது போன்ற, சவ்வு சூழ்ந்த உட்கரு அதற்குக் கிடையாது. பெரும்பாலான பாக்டீரியாக்களின் குறுக்களவு அரை மைக்ரோமீட்டருக்கும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் இடைப்பட்டது; ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் குடலில் வாழும் ஈ. கோலை ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமுடையது என்பதால், ஒரு மில்லிமீட்டர் நீளக் கோட்டில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 500 செல்கள் பிடிக்கும். 0.2 மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. எனவே அதன் வழியே பார்க்கும்போது பாக்டீரியாவின் புறத்தோற்றம் தெரியும், உள்ளே இருப்பது ஏறக்குறைய எதுவும் தெரியாது. வகைப்பாடு வடிவத்திலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இதுதான்: பார்த்தவர்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

முதலில் பார்த்தவர் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான ஆண்டனி வான் லீவன்ஹூக். தன் பற்களின் இடுக்கிலிருந்து சுரண்டி எடுத்த வெண்ணிறப் படிவத்தில் கண்ட உயிரிகளைப் பற்றி 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்துடன் அவற்றின் படங்களையும் அனுப்பினார்; கோல், கோளம், சுருள் என்று இன்று நாம் பிரிக்கும் வடிவங்கள் அந்தப் படங்களிலேயே அடையாளம் தெரிகின்றன. அவற்றை ஒழுங்கான வகைப்பாடாக அமைக்க ஏறத்தாழ 190 ஆண்டுகள் பிடித்தன. பிரெஸ்லாவ் நகரின் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் 1872-இல் பாக்டீரியாக்களைக் கோளங்கள், குறுங்கோல்கள், நீண்ட கோல்களும் இழைகளும், சுருள்கள் என்று நான்கு கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு வகைப் பாக்டீரியாவின் வடிவம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கும் என்பதே அக்காலத்தில் எல்லோரும் ஏற்ற கருத்தன்று. சூழலுக்கேற்ப ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும் என்று கார்ல் வான் நேகெலி போன்ற பெரிய அறிஞர்கள் வாதிட்டனர். அந்த வாதம் வென்றிருந்தால் இன்ன நோய்க்கு இன்ன கிருமி என்று சொல்வதற்கே இடம் இருந்திருக்காது.

கோளங்கள்: பிரியும் தளமே அமைப்பைத் தீர்மானிக்கிறது

கோள வடிவப் பாக்டீரியாவைக் காக்கஸ் என்றும் பன்மையில் காக்கை என்றும் குறிப்பிடுவர். கோளத்துக்கு நீளம், அகலம் என்ற வேறுபாடு இல்லை. எனவே வடிவத்தை மட்டும் பார்த்து ஒரு காக்கஸை இன்னொன்றிலிருந்து பிரிப்பது கடினம். அவை சேர்ந்திருக்கும் விதமே நமக்குக் கைகொடுக்கிறது. இந்தச் சேர்க்கை தற்செயலானதன்று. ஒரு பாக்டீரியா செல் இரண்டாகப் பிரியும்போது நடுவே ஒரு குறுக்குச் சுவர் உருவாகிறது. பிரிந்த பின்னும் சேய்ச் செல்கள் முழுவதுமாக விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்தடுத்த குறுக்குச் சுவர்கள் எந்தத் தளத்தில் எழுகின்றன என்பதைப் பொறுத்துக் கூட்டத்தின் உருவம் அமையும்.

ஒரு முறை பிரிந்து இணையாகவே நின்றுவிட்டால் அது டிப்ளோகாக்கஸ். நிமோனியாவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே முனை சற்றுக் கூர்ந்த இணைகளாகவும், மூளையுறை அழற்சியை உண்டாக்கும் நைசீரியா மெனின்ஜைட்டிடிஸ் தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கிய இணைகளாகவும் தெரியும். எப்போதும் ஒரே தளத்தில், முந்தைய சுவருக்கு இணையாகவே பிரிந்துகொண்டிருந்தால் செல்கள் வரிசையாக நீண்டு சங்கிலியாகும்; இதுவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முதன்மைப் பங்கு வகிக்கும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் உயிரியும் இணைகளாகவும் சங்கிலிகளாகவும் தோன்றும் கோளமே. அது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு மாவில் சிக்கிக்கொள்வதால்தான் மாவு மேலெழுகிறது. முதல் பிளவுக்குச் செங்குத்தாக இரண்டாவது பிளவு நடந்தால் நான்கு செல்கள் சதுரமாக அமையும். இதற்கு டெட்ராட் என்று பெயர். மூன்று தளங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்து ஒழுங்காகப் பிரிந்தால் எட்டுச் செல்கள் கனசதுரமாக அடுக்கப்பட்ட சார்சினா கிடைக்கும். பிளவுத் தளங்கள் மாறிக்கொண்டே இருந்து, பிரிந்த செல்களும் இடம் நகர்ந்தால், ஒழுங்கற்ற திராட்சைக் கொத்து உருவாகிறது. சீழ்க்கட்டிகளில் இத்தகைய கொத்துகளைக் கண்ட ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1882-இல் அவற்றுக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார்.

இதை நேரில் பார்க்க விரும்புபவருக்குத் தயிரே போதும், நூறு மடங்கு எண்ணெய்ப் பொருளருகு வில்லை பொருத்திய நுண்ணோக்கி ஒன்று கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தால். ஒரு துளித் தயிரை நீரில் நன்கு கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி உலரவிட்டு, தகட்டின் அடிப்பக்கத்தைச் சுடரின் மேல் இரண்டு மூன்று முறை விரைந்து காட்டி, மெத்திலீன் நீலத்தை ஒரு நிமிடம் ஊற்றி வைத்துக் கழுவ வேண்டும். பரப்பியது தடித்துப்போனால் பால் புரதக் கட்டிகள் நீலத்தைக் குடித்துக் கலங்கலாகத் தெரியும். தொடக்கத்தில் பலரும் அவற்றையே பாக்டீரியா என்று எண்ணிவிடுவர். அவற்றுக்கு இடையே விளிம்பு தெளிந்து, ஒரே அளவில், அடர்நீலமாக இருப்பவையே நாம் தேடுபவை. கடையில் விற்கும் யோகர்ட்டாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு உருவங்கள் கண்ணில் படும்: குட்டையும் நெட்டையுமான சங்கிலிகளில் கோர்த்த கோளங்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ்; நீண்ட, நேரான கோல்கள் லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ். வீட்டுத் தயிரில் எவை இருக்கும் என்பது உறையைப் பொறுத்தது.

கோல்கள், வளைவுகள், சுருள்கள்

கோல் வடிவப் பாக்டீரியாவின் பொதுப்பெயர் பேசில்லஸ். பேசில்லஸ் என்றே ஒரு பேரினமும் இருப்பதால், ஈ. கோலை வடிவத்தால் பேசில்லஸ், பேரினத்தால் அன்று என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது பின்னால் குழப்பத்தைத் தவிர்க்கும். கோல் எப்போதும் தன் நீளத்துக்குக் குறுக்காகவே பிரிகிறது. ஆகவே கோல்களில் இணையும் சங்கிலியும் உண்டு. டெட்ராடுக்கோ சார்சினாவுக்கோ இடமில்லை. தொண்டை அடைப்பான் நோயின் கோரினிபாக்டீரியம் டிஃப்தீரியேவில் மட்டும், பிரிந்த இரு கோல்களும் ஒரு முனையில் ஒட்டியபடி மடங்குவதால், அருகருகே நிறுத்திய வேலிக் கம்புகளாகவும் கோணல்மாணலான எழுத்துருக்களாகவும் தோன்றும் அமைப்புகள் உருவாகின்றன. சிலவற்றில் கோல் மிகக் குட்டையாகிக் கோளமா கோலா என்று ஐயுறவைக்கும். அவற்றைக் காக்கோபேசில்லஸ் என்பர். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சே இதற்கு எடுத்துக்காட்டு. கடுஞ்சூழலைத் தாங்கிக் கிடக்கக் கோலின் உள்ளே உருவாகும் உறங்குநிலை வித்தான அகவித்தும் அடையாளம் காண உதவுகிறது. இரண சன்னியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனியில் வித்து கோலின் ஒரு முனையில் உருண்டையாகப் புடைத்துநிற்கும். அந்தத் தோற்றத்தை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை.

கோல் சற்றே வளைந்திருந்தால் அது விப்ரியோ, அதாவது காற்புள்ளி வடிவம். வாந்திபேதிக்குக் காரணமான விப்ரியோ காலரே இதன் முதன்மை எடுத்துக்காட்டு. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் ஃபிலிப்போ பச்சினி 1854-இலேயே இதைக் கண்டு எழுதியிருந்தும் மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. ராபர்ட் கோக் 1884-இல் கொல்கத்தாவில் நோயாளிகளின் குடலிலிருந்து இதைத் தனியே வளர்த்துக் காட்டியபோது, கோல் போல நேராக இல்லாமல் காற்புள்ளி போல வளைந்திருப்பதையே அதன் அடையாளமாகக் குறிப்பிட்டார். அதன் ஒரு முனையில், நீந்த உதவும் வால் போன்ற ஒற்றைக் கசையிழை உண்டு; உயிருள்ள துளியில் அது நீந்தும் வேகம், வடிவத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஐயத்தைக் கிளப்பிவிடும்.

முழுச்சுருள்களில் இரு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஸ்பைரில்லம் விறைப்பான உடலை உடையது. அதன் கசையிழைகள் முனைகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பைரோகீட்டின் உடல் மெல்லியது, வளைந்து நெளியக்கூடியது. அதன் கசையிழைகள் வெளியே தெரிவதில்லை. செல்லின் வெளிச்சவ்வுக்கு உள்ளேயே உடலைச் சுற்றி ஓடுகின்றன. அவை சுழலும்போது உடல் முழுவதுமே திருகாணியாகச் சுழன்று முன்னேறுகிறது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைராவும், மேகப்புண்ணுக்குக் காரணமான ட்ரெபோனிமா பாலிடமும் இந்த வகையின. ட்ரெபோனிமாவின் குறுக்களவு ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர்தான் என்பதால் சாதாரணச் சாயமேற்றலில் அது கண்ணுக்குத் தட்டுப்படாது. பின்புலம் இருண்டிருக்க உயிரி மட்டும் ஒளிரும் இருள்புல நுண்ணோக்கி தேவைப்படுகிறது. இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரியும் சுருண்ட கோலே. மரபணு மாற்றத்தால் அதன் சுருளை நேராக்கிவிட்டால் இரைப்பையில் குடியேறும் திறன் குறைவதை விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. வடிவம் வெறும் அலங்காரம் அன்று என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இவற்றுக்கு அப்பாலும் வடிவங்கள் உண்டு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பூஞ்சையைப் போலக் கிளைத்த இழைகளாக வளரும். காலோபேக்டர் தண்டு ஒன்றால் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டெல்லா நட்சத்திர வடிவம் கொண்டது. 1980-இல் சினாய் தீபகற்பத்தின் உப்புக் குட்டையில் கண்டறியப்பட்ட சதுர வடிவ உயிரியைப் பல குறிப்புகள் சதுரப் பாக்டீரியா என்று எழுதுகின்றன. அது ஆர்க்கியா என்னும் வேறு பெரும்பிரிவைச் சேர்ந்தது என்பதால் இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது எது?

பாக்டீரியா செல்லின் உள்ளே கரைபொருள்கள் அடர்ந்திருப்பதால் வெளியிலிருக்கும் நீர் உள்ளே புக முயன்றுகொண்டே இருக்கிறது. அதனால் செல்லின் உள்ளழுத்தம் மிக அதிகம். அந்த அழுத்தத்தைத் தாங்குவது பெப்டிடோகிளைக்கான் என்னும் வலைப்பின்னலால் ஆன செல் சுவர். சைக்கிள் டியூபில் காற்றடைத்தால் அது தன் விருப்பம்போல் புடைக்காமல் டயரின் உருவத்தையே ஏற்பதுபோல, மென்மையான செல் சவ்வும் சுவரின் உருவத்தை ஏற்கிறது. இது வெறும் ஊகம் அன்று. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் கிளேஸ் வைபுல் 1953-இல் பேசில்லஸ் மெகாடீரியம் என்னும் பெருங்கோல்களை அடர்ந்த சர்க்கரைக் கரைசலில் வைத்து, கண்ணீரிலும் முட்டை வெண்கருவிலும் உள்ள லைசோசைம் நொதியால் சுவரைக் கரைத்தார். சுவரை இழந்த கோல்கள் அனைத்தும் உருண்டைகளாக மாறின. சர்க்கரையின் அடர்த்தி உள்ளழுத்தத்தை ஈடுசெய்ததால் அவை வெடிக்காமல் தப்பின. வெறும் நீரில் இருந்திருந்தால் வெடித்திருக்கும். பெனிசிலின் பாக்டீரியாவைக் கொல்வதும் இந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுத்தே.

அப்படியானால் சுவரைக் கோலாகக் கட்டுவது யார் என்ற கேள்வி எழுகிறது. எம்.ஆர்.இ.பி. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் ஒரு புரதம் செல்லின் பக்கச்சுவரில் புதிய பொருள் சேரும் இடங்களை நெறிப்படுத்தி, செல்லை அகலத்தில் பெருக்கவிடாமல் நீளவைக்கிறது என்பது 2001-க்குப் பிறகு தெளிவாயிற்று. பெரும்பாலான கோல்களில் இந்தப் புரதம் உண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கோளங்களில் இல்லை. காலோபேக்டரின் வளைவுக்குக் கிரெசென்டின் என்ற இன்னொரு புரதம் பொறுப்பு. அதை நீக்கினால் செல் நேராகிவிடும். கோலுக்கான புரதம் இல்லாதபோது கிடைப்பதே கோளம் என்று கொண்டால், தொடர்பற்ற பல குலங்களில் தனித்தனியே கோளங்கள் தோன்றியிருக்க முடியும் என்பதும் புரியும். மரபணு ஒப்பீடுகள் காட்டுவதும் அதையே.

சாயம் சேர்த்துத் தரும் இரண்டாவது பிரிவு

வடிவத்தோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் கிராம் சாயமேற்றலை 1884-இல் வெளியிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். பெர்லினில், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தெளிவாகக் காட்ட ஒரு வழியைத் தேடியபோது அவர் இதைக் கண்டார். தகட்டில் பரப்பிய செல்களின் மீது படிக ஊதாவை ஊற்றி, பின்பு அயோடின் கரைசலை ஊற்றினால் இரண்டும் செல்லுக்குள் பெரிய சேர்மமாகிச் சிக்கிக்கொள்ளும். அடுத்து ஆல்கஹாலைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட வேண்டும். 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடிமனான சுவரை உடைய செல்கள் ஊதாவை விடுவதில்லை. இவை கிராம் நேர் (பாசிட்டிவ்) வகை. மெல்லிய சுவரும் அதன் மேல் கொழுப்பு மிகுந்த ஒரு வெளிச்சவ்வும் உடைய செல்கள் நிறமிழந்து, கடைசியில் ஊற்றும் சாஃப்ரனினை ஏற்று இளஞ்சிவப்பாகத் தெரியும். இவை கிராம் எதிர் வகை. முழு முறையிலும் கைதவறக்கூடிய இடம் ஆல்கஹால்தான். சற்று நேரம் கூடினால் கிராம் நேர் செல்லும் வெளுத்துவிடும். வளர்ந்து பலநாளான வளர்ப்பிலிருந்து எடுத்தாலும் அதே கதிதான், ஏனெனில் முதிர்ந்த செல்களின் சுவர் சிதைந்திருக்கும். காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியத்தின் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு மிகுந்திருப்பதால் இந்தச் சாயம் அதில் சரியாக ஏறாது. சளிப் பரிசோதனையில் அதற்கெனத் தனியாக அமில எதிர்ப்புச் சாயமேற்றலைச் செய்கின்றனர்.

வடிவமும் சாயமும் சேர்ந்தபின் உயிர்வேதிச் சோதனைகள் தொடர்கின்றன. எடுத்துக்காட்டாக, கிராம் நேர் கோளங்கள் கிடைத்துவிட்டன, கொத்தா சங்கிலியா என்பதில் மட்டும் ஐயம் என்றால் ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு போதும்: கேட்டலேஸ் நொதி உள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் உடனே நுரைக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்காது. இந்த ஐயம் அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. திரவ ஊடகத்தில் அழகாக நீளும் சங்கிலிகள், கெட்டியான அகார் பரப்பிலிருந்து எடுத்துத் தேய்க்கும்போது உடைந்து குட்டைத் துண்டுகளாகிவிடும். வேறொரு பொறியும் இருக்கிறது: சில நுண்ணுயிர்க்கொல்லிகள் குறைந்த அளவில் படும்போது ஈ. கோலையின் குறுக்குச் சுவர் மட்டும் தடைபட்டு, செல் பிரியாமலே வளர்ந்து நீண்ட இழையாகிவிடும். சிகிச்சையைத் தொடங்கிய பின் எடுத்த சிறுநீரில் இத்தகைய இழைகளைக் கண்டால், அது வேறொரு உயிரி என்று முடிவு கட்டுவதற்கு முன் நோயாளி என்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேட்க வேண்டும்.

வடிவமும் உறவும்

ஒரே வடிவமும் ஒரே சாயமும் உடையவை நெருங்கிய உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. நெடுங்காலம் வகைப்பாடும் அப்படியே நடந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸும் மைக்ரோகாக்கஸும் கிராம் நேர் கோளங்கள். இரண்டும் கேட்டலேஸ் உடையவை. கொத்துகளாகவும் நான்கு நான்காகவும் தோன்றுபவை. எனவே இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தனர். டி.என்.ஏ.வை அளக்கத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு நிலைகுலைந்தது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஜி, சி என்ற இரண்டின் பங்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் சுமார் 33 விழுக்காடு. மைக்ரோகாக்கஸ் லூட்டியஸில் சுமார் 73 விழுக்காடு. நெருங்கிய உறவினரிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதில்லை.

1977-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் எல்லா உயிர்களிலும் புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ. வரிசையை ஒப்பிட்டு உறவை அறியும் வழியைத் திறந்துவிட்டனர். அதன்பின் வரைந்த குலமரத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பேசில்லஸ் பேரினத்தின் கோல்களுக்கு அருகில் போய் நின்றது. மைக்ரோகாக்கஸோ ஸ்ட்ரெப்டோமைசிஸின் கிளைத்த இழைகள் இருக்கும் தொகுதிக்குச் சென்றது. இப்போது இவற்றின் தொகுதிகள் முறையே பேசில்லோட்டா, ஆக்டினோமைசீட்டோட்டா என்று அழைக்கப்படுகின்றன. நுண்ணோக்கியில் தடுமாற வைக்கும் இரண்டு கோளங்கள் வெவ்வேறு தொகுதிகளில் இருக்க, தயிர்த் துளியில் பார்த்தவுடன் வேறுபடுத்தும்படி நின்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோளமும் லாக்டோபேசில்லஸ் கோலும் ஒரே வரிசையில் இடம்பெறுகின்றன.

வடிவத்தாலும் சாயத்தாலும் எதுவுமே சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே இல்லை. ஆகவே நிலையான வடிவம் இல்லாமல், ஒரே வளர்ப்பில் உருண்டையாகவும் இழையாகவும் குடுவை போலவும் தோன்றும். ஊதாவைப் பிடித்துவைக்கும் சுவர் இல்லாததால் கிராம் சாயத்தில் அது நேர் வகையாகத் தெரிய வழியில்லை. ஆனால் அதன் மரபணுக்கள் கிராம் நேர் கோல்களின் மூதாதையரிடமிருந்து அது வந்ததைக் காட்டுகின்றன. ஒட்டுண்ணியாக வாழத் தொடங்கிய பின் சுவரைக் கட்டும் மரபணுக்களை அது இழந்துவிட்டது. மைக்கோபிளாஸ்மா நிமோனியே உண்டாக்கும் நுரையீரல் அழற்சிக்குப் பெனிசிலின் பயன்படாததற்குக் காரணம், அந்த மருந்து தாக்க வேண்டிய சுவர் அங்கே இல்லாததே. அத்தகைய நோயாளிக்கு ரைபோசோமைத் தாக்கும் அசித்ரோமைசினையோ டாக்சிசைக்ளினையோ மருத்துவர் எழுதுகிறார்.